பழசெல்லாம் நல்ல ஒயினா? – துவர்ப்பும் பொறுமையும்

"ஒயின் பழசாக ஆகத்தான் ருசி." இதைக் கேட்காதவர் யாரும் இருக்க முடியாது. வாழ்க்கையில ஒரு சொட்டு ஒயின்கூடத் தொடாதவருக்கும் ஒயினைப் பத்தித் தெரிஞ்ச ஒரே சங்கதி இதுதான். பழைய நட்பைப் புகழணுமா? இதே வசனம். அம்பது வயசு நடிகரைப் பாராட்டணுமா? இதே வசனம். பிரச்சினை என்னன்னா, இது பெரும்பாலும் உண்மை கிடையாது.

கடையில விக்கிற ஒயின்ல மிகப் பெரும்பகுதி, வாங்கின ஒண்ணு ரெண்டு வருஷத்துல குடிச்சு முடிக்கணும்னே செய்யப்பட்டது. அதைப் பத்து வருஷம் பொத்தி வெச்சா பழமும் போய், வாசமும் போய், பழுப்பா ஒரு திரவம்தான் மிஞ்சும். என் நண்பர் ஒருத்தர் கல்யாணத்துக்கு வந்த ஒரு மலிவான பாட்டிலை சமையலறை அலமாரி மேல, அடுப்புச் சூட்டுல, எட்டு வருஷம் பத்திரமா வெச்சிருந்தார். திறந்த அன்னைக்கு சாலட்டுல ஊத்தத்தான் ஆச்சு :-)

இதுக்கு எதிர்க்கட்சியும் உண்டு. "ஒயினை வெச்சுக் காக்கறதெல்லாம் பணக்காரன் பண்ற பந்தா. இப்பல்லாம் வாங்கின உடனே குடிக்கிற மாதிரிதான் எல்லாத்தையும் செய்யறாங்க. காத்திருக்கிறவன் முட்டாள்." இவங்க பேச்சு இப்ப எடுபடுது, பாதி உண்மையும் இருக்கு. ஆனா மீதிப் பாதியில எனக்கு உடன்பாடு இல்லை.

என் கட்சி இதுதான். ஐரோப்பாவின் பழைய பாணி சிவப்பு ஒயின்களில் சில, காத்திருந்தால் மட்டுமே தங்கள் குணத்தைக் காட்டும். அந்தக் குணம் வேறு எந்தக் குறுக்கு வழியிலும் வராது. அது மெல்ல அரிதாகிக்கொண்டு வருகிறது. அதைக் காப்பாற்றுவது ஏலத்துல லட்சக்கணக்கில் கொட்டுறவங்களால ஆகாது. மாசத்துக்கு ரெண்டு பாட்டில் வாங்குற ஆசாமிகளால்தான் ஆகும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

பழசின் வரலாறு அவ்வளவு பழசில்லை

ஒயினை வயசாக்கிக் குடிப்பது ரோமானியர் காலத்துப் பழக்கம். கி.மு. 121-ல் ஒபிமியுஸ் கான்சலாக இருந்த வருஷத்து ஒயின் அங்கே பெரிய பேர் வாங்கினது. ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து எழுதிய மூத்த பிளினி, அதில் மிச்சமிருந்தது தேன் மாதிரிக் கெட்டியாகிக் கரகரன்னு ஆகிவிட்டதாகச் சொல்கிறார். ஆக, பழசு ரொம்ப ஓவரானா என்ன ஆகும் என்பதும் அப்பவே தெரிஞ்சிருக்கு.

அதுக்கப்புறம் ஆயிரம் வருஷத்துக்கும் மேல அந்தக் கலையே காணாமப் போச்சு. இடைக்கால ஐரோப்பாவில் ஒயின் மரப்பீப்பாயில்தான் இருந்தது. காத்து படப்படப் புளிச்சுக் காடியாகிவிடும். அதனால புது ஒயினுக்குத்தான் கிராக்கி. போன வருஷத்து ஒயின் சல்லிசா போகும். 17, 18-ம் நூற்றாண்டுகளில் உறுதியான கண்ணாடி பாட்டிலும், அதை இறுக அடைக்கும் தக்கையும் சேர்ந்து வந்தபிறகுதான் ஒயினைப் படுக்க வைத்து வருஷக்கணக்கில் காப்பது மறுபடி சாத்தியமாச்சு. நாம "காலங்காலமா" என்று சொல்கிற சமாச்சாரத்துக்கு வயசு முன்னூறு வருஷம்தான்.

நம்ம நாக்குக்கு ஒரு வசதி

சிவப்பு ஒயின் வயசாவதைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு வார்த்தை போதும்: துவர்ப்பு. ஆங்கிலப் புத்தகங்கள் இதை விளக்கப் பாடாய்ப்படும். இது ருசியா, தொடு உணர்ச்சியா என்று பக்கம் பக்கமா எழுதுவாங்க. நமக்கு அந்தச் சிரமமே இல்லை. அறுசுவையில் ஒன்றாக உட்கார வைத்துவிட்டோம். கொட்டைப்பாக்கு, நாவல்பழம், வாழைப்பூ, மாதுளம் தோல்... சொன்னாலே நாக்கு இழுக்கும்.

திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் காம்பிலும் இருக்கிற டானின்தான் இந்தத் துவர்ப்பு. அது நம்ம எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வழுவழுப்பு போய் வாய் வறண்டு இழுக்கும். கட்டங்காப்பியைவிட கட்டன் சாயா குடிச்சவங்களுக்கு இது நல்லாத் தெரியும். அதே சாயாவில் பால் ஊத்தினா துவர்ப்பு அடங்குது இல்லையா? பாலின் புரதம் டானினைப் பிடிச்சுக்கறதுதான் காரணம். துவர்ப்பான ஒயினுக்கு இறைச்சியும் பாலாடைக்கட்டியும் துணையாக வைப்பதும் இதே கணக்குதான்.

வெள்ளை ஒயினுக்குத் தோலை ஊறவைப்பதில்லை. சிவப்புக்கு ஊறவைப்பார்கள். எவ்வளவு நாள் ஊறவைக்கிறார்கள், அப்புறம் எதில் வைக்கிறார்கள் என்பதுதான் எல்லாச் சண்டைக்கும் மூலம்.

பாட்டிலுக்குள் வருஷங்கள் போகப்போக, டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் சேரும். புளிப்புச் சூழலில் சில உடைந்து மறுபடி வேறு மாதிரிச் சேரும். ஒரு பகுதி கனத்து, கரைய முடியாமல் அடியில் வண்டலாகப் படியும். நாக்கில் முள்ளாகக் குத்தினது பட்டாக மாறும். ஊதாச் சிவப்பு மங்கி செங்கல் நிறத்துக்கு வரும். புதுப்பழ வாசம் ஓய்ந்து காய்ந்த இலை, காளான், தோல்பை, புகையிலை, ஈரமண் என்று வேற வேற வாசங்கள் எழும். புளியை நினைச்சுக்கோங்க. புதுப்புளியும் பழம்புளியும் ஒரே மரத்துக்காய்தான், ஆனா குழம்பு வேற.

பரோலோ: ஒரு குடும்பச் சண்டை

இதையெல்லாம் பொதுவாப் பேசினா புரியாது. ஒரே ஊரை எடுத்துக்கலாம். வடமேற்கு இத்தாலி, பியமோந்தே மாநிலம், ஆல்பா நகரத்துக்குப் பக்கத்து லாங்கே குன்றுகள். அங்கே 11 கிராமங்களில், நெபியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து மட்டும் செய்யப்படுவது பரோலோ. அக்டோபர் மாசம் அந்தக் குன்றுகளை மூடுபனி மூடும்போதுதான் இந்தத் திராட்சை பழுக்கும். மூடுபனிக்கு இத்தாலியத்தில் நெபியா. பேரே அதிலிருந்து வந்தது என்பார்கள்.

நெபியோலோ ஒரு ஏமாத்துக்காரன். கிளாஸில் பார்த்தா வெளிறிப்போய், அடியில் வைத்த விரல் தெரிகிற மாதிரி இருக்கும். "இது என்ன பண்ணிடும்?"னு நினைச்சு வாய் நிறைய எடுத்தா, துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்து கன்னத்தை உள்ளே இழுக்கும். நிறமி கம்மி, டானின் அதிகம், புளிப்பும் அதிகம். பழைய முறையில் தோலோடு ஒரு மாசம், சில இடங்களில் அதுக்கும் மேல ஊறவைப்பார்கள். அப்புறம் ஸ்லாவோனிய ஓக் மரத்துப் பெரிய பீப்பாய்களில் வருஷக்கணக்கில் கிடக்கும். பீப்பாய்னா சின்னது இல்லை, ஆள் உள்ளே இறங்கிக் கழுவுற அளவு, ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும். அவ்வளவு பெரிய பழைய பீப்பாயில் மரத்தின் ருசி ஒயினில் ஏறாது. காத்து மட்டும் மெல்ல மெல்லப் படும்.

இன்றைக்கும் சட்டப்படி பரோலோவை 38 மாதம் வயசாக்கினபிறகுதான் விற்க முடியும். அதில் 18 மாதமாவது மரத்தில் இருக்கணும். ரிசெர்வா என்று போட 62 மாதம். அப்படி வெளியே வந்தபிறகும் பழைய பாணி பரோலோ இன்னும் பத்து வருஷம் கேட்கும்.

1970-களில் எலியோ அல்தாரே என்ற இளைஞர் பிரான்சின் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்தார். துண்டு நிலம் வைத்திருந்த அங்கத்து விவசாயிகள் வசதியாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தன் ஊரில் அப்பா தலைமுறை அடிமட்ட விலைக்குத் திராட்சையை வியாபாரிகளிடம் கொடுத்துவிட்டுக் கைபிசைந்துகொண்டிருந்தது. ஊர் திரும்பி, 1983-ல் ஒருநாள் மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தை எடுத்து அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை அறுத்துத் தள்ளினார். அப்பா அவருக்குச் சொத்து இல்லை என்று எழுதிவைத்தார். இத்தாலிய ஒயின் உலகத்தில் ரொம்பப் பிரபலமான கதை இது. 2014-ல் 'பரோலோ பாய்ஸ்' என்று ஆவணப்படமே வந்தது.

அல்தாரேயும் கூட்டாளிகளும் கொண்டுவந்த புதுமுறை என்ன? தோலோடு ஊறவைப்பதை சில நாளாகக் குறைத்தார்கள். அதற்குச் சுழலும் தொட்டிகள் வந்தன. பெரிய பீப்பாய்க்குப் பதிலா 225 லிட்டர் பிடிக்கும் சின்ன பிரெஞ்சு ஓக் பீப்பாய், பல சமயம் புத்தம் புதுசு. இதன் பேர் பரீக். ஒயின் கருத்தது, மெத்துன்னு ஆச்சு, வனிலாவும் வறுத்த வாசமும் ஏறிச்சு, வெளிவந்த உடனே குடிக்கிற மாதிரி ஆச்சு. அமெரிக்க விமர்சகர்கள் நூத்துக்குத் தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சுன்னு மார்க் போட்டாங்க. பணம் கொட்டுச்சு.

எதிர்ப்பக்கம் நின்றவர்களில் பெரிய பேர் பார்த்தொலோ மஸ்கரெல்லோ. நாலு தோட்டத்துத் திராட்சையைக் கலந்து ஒரே பரோலோ செய்பவர். "தனித்தனித் தோட்டமாப் போடு, விலை ஏறும்" என்று ஊரே மாறினபோதும் கலப்பதை விடவில்லை. கையாலேயே லேபிள் வரைவார். அதில் ஒன்றில் 'பரீக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று எழுதினது உலகப் புகழ். 2005-ல் இறந்தார். இப்போது மகள் மரியா தெரேசா அதே முறையில்தான் செய்கிறார்.

ரம்பம் எடுத்தவர் பக்கமும் நியாயம் இருக்கு

பழைய பாணிக்கு வக்காலத்து வாங்குறவங்க பலபேர் இங்கே அல்தாரேயை வில்லனாக்கிடுவாங்க. நான் மாட்டேன்.

லாங்கே அப்போ எவ்வளவு ஏழைப்பட்ட இடம்னு தெரிஞ்சுக்க பெப்பே ஃபெனோல்யோ 1954-ல் எழுதிய 'லா மலோரா' நாவல் ஒன்று போதும். குன்றில் சோறில்லாமல் பிள்ளைகள் டூரினில் ஃபியட் தொழிற்சாலைக்கும், ஆல்பாவில் ஃபெரேரோ மிட்டாய்த் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பழைய பீப்பாய்களில் பலது புராதனம் மட்டுமில்லை, அழுக்கும்கூட. பூஞ்சை நாத்தமும் காடி வாசமும் அடிக்கும் ஒயினை "பாரம்பரிய குணம்"னு சொல்லி வித்தாங்க. இத்தோட 1986-ல் இத்தாலியில் மெத்தனால் கலந்த மலிவு ஒயின் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதுக்கும் பரோலோவுக்கும் சம்பந்தமில்லை, ஆனா இத்தாலிய ஒயின்மேல இருந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டது. அந்த நேரத்தில் சுத்தமா, கவனமா, பேர் போட்டுச் செய்கிற சின்ன விவசாயி வேண்டியிருந்தது. அந்தப் பெருமை புதுமைக்காரர்களுக்கு உண்டு.

இன்னொண்ணு, "பாரம்பரியம்"னு நாம கும்பிடறதும் ஒரு காலத்துப் புதுமைதான். 19-ம் நூற்றாண்டு ஆரம்பம்வரை அந்த ஊர் நெபியோலோ பெரும்பாலும் இனிப்பு மிச்சமிருந்த ஒயின். அதை முழுக்க நொதிக்க வைத்து, இனிப்பில்லாமல், நீண்ட நாள் தாங்குகிற ஒயினாக்கினது அந்த நூற்றாண்டில்தான். அந்தப் பெருமை யாருக்குன்னு அறிஞர்கள் இன்னும் அடிச்சுக்கறாங்க.

அப்புறம் ஏன் நான் பழைய பாணிக் கட்சி? காரணம் ஒண்ணே ஒண்ணு. காலம் யார் பக்கம் பேசிச்சுன்னு பார்த்தேன்.

1990-களில் பரீக்கில் போட்டு மார்க் வாங்கின ஒயின்களில் பலவற்றில், இருபது வருஷம் கழித்துத் திறந்தால் பழம் போய்விடுகிறது, மரம் மட்டும் நிற்கிறது. மரத்தூளைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி. (எல்லாமே அப்படி இல்லை. அல்தாரேயின் நல்ல வருஷத்து ஒயின்கள் அழகா நிக்குதுன்னு பலபேர் சொல்றாங்க.) மாறா, 1996-ம் வருஷத்துப் பழைய பாணி பரோலோ ஒன்றை 2019-ல் குடித்தேன். இளமையில ஈவிரக்கமில்லாத வருஷம்னு பேர் வாங்கினது அந்த 1996. திறந்த முதல் பத்து நிமிஷம் ஒண்ணுமில்லை, பூட்டின வீடு மாதிரி இருந்தது. அரை மணி கழிச்சுக் காய்ந்த ரோஜா. அப்புறம் ரோடு போடும்போது அடிக்குமே, அந்தத் தார் வாசம். நெபியோலோவுக்கு "தாரும் ரோஜாவும்"னு ஒரு வழக்கே உண்டு; ஏட்டுச் சுரைக்காய்னு நினைச்சிருந்தேன், நிஜமாவே இருந்தது. துவர்ப்பு போகலை, ஆனா குத்தலை. நல்லா வேகவைச்ச வாழைப்பூவில் இருக்கிற அளவுக்கு நின்னு, ருசியைத் தாங்கிப் பிடிச்சது. ஆயாசமான மனுஷன் இல்லை, அனுபவஸ்தன்.

அந்த மூணு மணி நேரத்தை புதுப் பீப்பாயும் சுழல்தொட்டியும் கொடுக்க முடியாது. பத்து வருஷத்தைப் பத்து நாளாக்குற இயந்திரம் இதுவரை யாரும் கண்டுபிடிக்கலை.

ஆனா முரடெல்லாம் முதிர்ந்துடாது

இங்கே ஒரு எச்சரிக்கை. "இளமையில் குடிக்க முடியாத அளவு துவர்த்தா, வயசானா பிரமாதமா வரும்"னு ஒரு நம்பிக்கை இருக்கு. தப்பு. போர்தோவின் 1975-ம் வருஷம் இதுக்குப் பாடம். டானின் கடுமையா இருந்ததால "இது நூறு வருஷ ஒயின்"னு நம்பி வாங்கி வெச்சாங்க. பல பாட்டில்களில் டானின் அடங்கறதுக்குள்ள பழம் செத்துப்போச்சு. காத்திருந்ததுக்குக் கிடைச்சது வறட்டுத் துவர்ப்பு.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. 1947-ம் வருஷத்து ஷெவால் பிளாங். பயங்கர வெயில் வருஷம். ஆல்கஹால் அதிகம், கொஞ்சம் சர்க்கரை மிச்சம், காடித்தன்மை வேற. இன்னைக்கு ஒரு கல்லூரி மாணவன் அப்படிச் செஞ்சா வாத்தியார் ஃபெயிலாக்கிடுவார். ஆனா இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய ஒயின்களில் ஒன்று என்று பேர் வாங்கி நின்றது.

ஆக சூத்திரம் கிடையாது. துவர்ப்பு, புளிப்பு, பழம் மூணும் ஒண்ணுக்கொண்ணு ஈடா இருக்கணும். முதலில் தீர்ந்துபோவது எது என்பதுதான் கேள்வி. பழம் முதலில் தீர்ந்தா அந்த ஒயின் வயசாகலை, செத்துப்போச்சு.

காத்திருக்கிற செலவு யார் தலையில்?

இப்ப என் முக்கியமான விஷயத்துக்கு வரேன்.

ஒயின் வயசாகணும்னா யாராவது ஒருத்தர் பணத்தை முடக்கி, இடம் கொடுத்து, காத்திருக்கணும். செய்பவரா, கடைக்காரரா, வாங்குபவரா? மூணு பேருமே இன்னைக்குத் தயாரா இல்லை. போர்தோவில் 'ஆன் ப்ரிமர்' என்று ஒரு ஏற்பாடு. ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே காசை வாங்கிக்கொள்வார்கள். பாட்டில் கைக்கு வர ஒண்ணரை, ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் காக்கிறது உங்க பாடு. 12, 13 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, ஈரப்பதம், ஆட்டம் அசைவில்லாத இடம்... எந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கு சொல்லுங்க? இதையே காரணமாச் சொல்லித்தான் ஒயினை மெத்துன்னு மாத்தினாங்க. வாங்குறவர் காத்திருக்க முடியாது, அதனால காத்திருக்கத் தேவையில்லாத ஒயின்.

எனக்கு இது தலைகீழாப் படுது. வாங்குறவரிடம் நிலவறை இல்லைன்னா, நிலவறை இருக்கிறவர் வெச்சிருக்கட்டுமே. ஷாத்தோ லத்தூர் 2012-ல் ஆன் ப்ரிமரிலிருந்து விலகுவதாக அறிவித்தது. குடிக்கப் பக்குவமான பிறகுதான் விற்போம் என்றது. கொள்கை சரி. விலைதான் நம்ம பக்கமே வராது.

ஆனா ஸ்பெயினின் ரியோஹாவில் இது பழைய வழக்கம். அங்கே 'கிரான் ரெசெர்வா' என்று போட ஐந்து வருஷம் செய்பவரே காத்திருக்கணும், அதில் ரெண்டு வருஷமாவது ஓக் பீப்பாயில். 'ரெசெர்வா'வுக்கு மூணு வருஷம். ஹாரோ ஊரில் 1877-ல் தொடங்கிய லோபெஸ் தெ எரேதியா சட்டம் கேட்பதைவிடப் பல வருஷம் கூடுதலாக வைத்திருந்துதான் வெளியே விடுகிறது. பீப்பாயைக்கூடத் தாங்களே செய்கிறார்கள். உலகமே கருப்பான, கனமான ஒயின் கேட்ட 1990-களில் ஹாரோவின் அந்த வெளிறிய ஒயினைப் பழம் பஞ்சாங்கம்னு சிரிச்சாங்க. இன்னைக்கு வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

நெபியோலோ பக்கத்திலும் ஒரு வழி இருக்கு. பரோலோவுக்குப் பக்கத்து ஊர் பார்பரெஸ்கோ. அங்கே 1958-ல் ஊர்ப் பாதிரியார் தலைமையில் 19 விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பித்தார்கள்: ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ. நெபியோலோ மட்டும், பெரிய பீப்பாய் மட்டும். பரீக் அலை அடித்தபோதும் மாறவில்லை. கூட்டுறவுன்னா மட்டமான சரக்குன்னு நினைக்கிறவங்க வாயை அடைச்ச சங்கம் இது. பேர்போன பரோலோ ஒன்றின் விலையில் இவர்களுடைய சாதாரண பார்பரெஸ்கோ பல பாட்டில் வாங்கலாம், பத்து வருஷம் தாராளமா வெச்சுக் குடிக்கலாம்.

என் வருத்தம் இங்கேதான். பரோலோ சண்டையில் கடைசியில் ருசியில் ஜெயிச்சது பழைய பாணி. பரீக்கைத் தூக்கிப் போட்டுட்டுப் பெரிய பீப்பாய்க்குத் திரும்பினவங்க நிறைய. புதுமைக்காரர்களின் சுத்தமும் பழையவர்களின் பொறுமையும் சேர்ந்த ஒயின்கள்தான் இப்ப நல்ல பரோலோ. நல்லதுதான். ஆனா ஜெயிச்சதோட விலையும் ஏறிடுச்சு. மஸ்கரெல்லோவின் பாட்டிலை இன்றைக்கு வாங்குபவரில் பாதிப்பேர் குடிப்பதற்கு வாங்குவதில்லை. அடுத்தவனுக்கு விக்க வாங்குறான். சாப்பாட்டு மேஜைக்காகச் செய்த பொருள் பங்குப் பத்திரமாகிப்போச்சு. பழசு என்றாலே காசு என்றானதும் போலி வந்துடும். ரூடி குர்னியவான் என்பவர் கலிபோர்னியாவில் வீட்டிலேயே மலிவான ஒயின்களைக் கலந்து அரிய பழைய பாட்டில்கள் "தயாரித்து" கோடிக்கணக்கில் விற்றார். 2014-ல் அமெரிக்க நீதிமன்றம் பத்து வருஷம் சிறைத்தண்டனை கொடுத்தது. வாங்கினவங்களில் பெரும்பாலோர் ருசியில கண்டுபிடிக்கலை. லேபிளைத்தானே குடிச்சாங்க!

வெயிலும் சேர்ந்துகொண்டது

இதுக்கு மேல பருவநிலை. நெபியோலோ அக்டோபர் பனியில் மெதுவாகப் பழுக்கிற திராட்சை. 2003, 2017, 2022 மாதிரிச் சுட்டெரிக்கும் வருஷங்களில் சீக்கிரம் பழுத்துவிடுகிறது. சர்க்கரை கூடும், அதனால ஆல்கஹால் கூடும், புளிப்பு குறையும். ஆல்கஹால் 14.5, 15 என்று பரோலோ லேபிளில் பார்ப்பது இப்போ அதிசயம் இல்லை. நல்லதும் உண்டு, முன்னெல்லாம் பத்து வருஷத்தில் மூணு வருஷம்தான் திராட்சை ஒழுங்காப் பழுக்கும். இப்ப பழுக்காத வருஷமே அபூர்வம். ஆனா ஒயினைத் தாங்கிப் பிடிக்கிறது புளிப்பு. அது குறைஞ்சா இருபது, முப்பது வருஷப் பயணத்துக்குத் தெம்பு இருக்குமா? இன்னும் இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அந்த இருபது வருஷத்தை யாராவது காத்திருந்து பார்த்தாத்தான் தெரியும் என்பதுதான் என் வாதமே.

சரி, என்னதான் பண்ணச் சொல்றே?

பெரிசா ஒண்ணுமில்லை.

1. பழைய பாட்டிலைத் தேடி ஏலத்துக்குப் போகாதீங்க. எங்கே, எப்படி வெச்சிருந்தாங்கன்னு தெரியாத இருபது வருஷப் பாட்டிலைவிட, நீங்களே வெச்சிருந்த எட்டு வருஷப் பாட்டில் மேல்.

2. ஒரே ஒயினில் மூணு பாட்டில் வாங்குங்க. ஒண்ணை இப்பவே குடிங்க. ரெண்டாவதை அஞ்சு வருஷம் கழிச்சு. மூணாவதைப் பத்து வருஷம் கழிச்சு. வயசாவதுன்னா என்னன்னு எந்தப் புத்தகமும் இதைவிட நல்லாச் சொல்லித்தராது.

3. இடமில்லையா? ரியோஹா ரெசெர்வா வாங்குங்க. அவங்களே காத்திருந்துட்டாங்க.

4. சென்னை, மதுரை வெயிலில் சாதாரண அறையில் வருஷக்கணக்கில் வைக்கவே வைக்காதீங்க. முப்பது டிகிரிக்கு மேல ஒயின் வயசாகாது, வெந்துபோகும்.

5. பழைய ஒயினை முதல்நாளே நிமிர்த்தி வையுங்க, வண்டல் அடியில் இறங்கட்டும். 16 முதல் 18 டிகிரியில் ஊத்துங்க. "அறை வெப்பம்"னு புத்தகத்தில் போட்டிருப்பது பழைய ஐரோப்பிய வீட்டு அறை, நம்ம வீட்டு ஹால் இல்லை.

6. முதல் வாயிலேயே தீர்ப்பு எழுதாதீங்க. ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்க.

பழைய பாணி ஒயின் உசத்தி, புதுசு மட்டம்னு நான் சொல்லலை. வார நாள் சாயங்காலம் பீட்சாவுக்குப் பக்கத்தில் நானும் போன வருஷத்து பார்பேராவைத்தான் குடிக்கிறேன். ஆனா எல்லாமே இன்னைக்கே இனிக்கணும்னு கேட்டா, நாளைக்கு மட்டுமே இனிக்கக்கூடியதைச் செய்ய ஆள் இருக்க மாட்டான். வாங்குறவன் இருந்தாத்தான் விவசாயி செய்வான். அந்தக் கூட்டுறவு சங்கம் நிக்கிறதும் நம்மள மாதிரி ஆளுங்க வருஷா வருஷம் ஒண்ணு ரெண்டு பாட்டில் வாங்குறதாலதான்.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து தாராளமா சண்டை போடலாம். பரீக் கட்சிக்காரங்களுக்குத் தனி வரவேற்பு :-)

பி.கு.: குடிக்காதவங்களை ஆரம்பிக்கச் சொல்லி இதை எழுதலை. பாதுகாப்பான அளவுன்னு ஆல்கஹாலில் ஒண்ணு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாவே சொல்லிடுச்சு. "சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது"ன்னு சாக்குச் சொல்லிக் குடிக்காதீங்க. குடிக்கிறவங்க கம்மியாக் குடிங்க, மெதுவாக் குடிங்க. மெதுவாக் குடிக்க இதைவிடப் பொருத்தமான சரக்கு எனக்குத் தெரிஞ்சு வேற இல்லை.